காத்திருப்பவர்களை வரைந்தவள் வீட்டுக்குள் எதை வரைவது?

கரித்துண்டு
2020 மே 3, இரவு 11.20

வணக்கம். நான்கு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆயில் கலரில் வரைகிறேன். இருபத்திரண்டு வருடமாக நான் வரைந்துவருவது காத்திருக்கிற மனிதர்களை. ரயில் பிளாட்பாரம், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா என்று எங்காவது ஓரமாக உட்கார்ந்து சின்ன நோட்டில் கரியால் ஸ்கெட்ச் போட்டுக்கொண்டு வருவேன். பையை மடியோடு அணைத்துத் தூங்குகிற பெண். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலை நீட்டி மடக்குகிற பெரியவர். போட்டோ எடுக்க மாட்டேன். போட்டோவில் ஆள் ஒரே நொடியில் உறைந்துபோகிறார். நோட்டில் அவர் கால் மாற்றிப் போட்டது, தலை சாய்ந்தது, திடுக்கென்று நிமிர்ந்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகளாக விழுந்து கிடக்கும். அந்தக் கலங்கலிலிருந்துதான் எனக்குப் படம் கிளம்பும். நோட்டோடு வீடு திரும்பி, பத்துப் பதினைந்து நாளில் கேன்வாஸில் ஏற்றுவேன்.

கடைசி ஸ்கெட்சில் மார்ச் 14 என்று தேதி போட்டிருக்கிறேன். கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஐந்து பேர், ஒருவருக்கொருவர் ஒரு இருக்கை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் மாஸ்க் போட்டிருந்தார்கள். மூக்கும் வாயும் இல்லாத முகத்தை அதுவரை நான் வரைந்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணுக்குக் கீழே ஒரு வளைகோடு இழுத்து அப்படியே விட்டிருக்கிறேன். அதோடு நோட்டை மூடியதுதான்.

இன்றைக்கு ஏழு வாரம். வடக்குப் பார்த்த சன்னல் இருக்கிற அறையில்தான் வரைவேன், அது இப்போது என் கணவரின் அலுவலகம். நாள் முழுக்க வீடியோ கால். மகனுக்கு ஆன்லைன் வகுப்பு ஹாலில். அப்பாவுக்கு ஆஸ்துமா, அதனால் கலரை இளக்குகிற டர்பன்டைன் பாட்டிலை நானே பையில் சுற்றிக் கட்டி மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். எனக்கு மிஞ்சியது வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், கேன்வாஸைத் தாங்குகிற ஈசல் நிற்கிற அளவு இடமும், தலைக்கு மேல் ஒரு மஞ்சள் பல்பும். அந்த வெளிச்சத்தில் ஒரு ராத்திரி சாம்பல் கலந்து பின்னணி போட்டேன், காலையில் பார்த்தால் படம் முழுக்க நீலம் பூத்துக் கிடந்தது.

கேன்வாஸ் ஒன்றுகூட புதிதாக இல்லை. டைட்டானியம் ஒயிட் ஒன்றரை டியூப் இருக்கிறது. கடை மூடல், பார்சல் வராது. ஜூனில் ஒரு கண்காட்சிக்குப் பதினான்கு படம் தயாராக வைத்திருந்தேன், அதுவும் ரத்து.

இதையெல்லாம்கூட எப்படியாவது சமாளித்துவிடுவேன். ஈசல் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அதுதான் பிரச்சினை. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: "ஓவியருக்கு வீட்டில் இருப்பது புதிதா என்ன? உனக்கு இப்போது நேரமோ நேரம்!" அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வீடு நான் வரைகிற இடம். பார்க்கிற இடம் வெளியே இருந்தது. என்னைக் கவனிக்காத, என்னிடம் எதுவும் எதிர்பார்க்காத முகங்கள் வேண்டும் எனக்கு. வீட்டில் யாரை உற்றுப் பார்த்தாலும் "என்ன வேணும்?" என்று திரும்பிவிடுகிறார்கள்.

உங்களில் யாராவது இப்படி அடைபட்டு, கண்ணுக்கு இரை இல்லாமல் இருந்து, திரும்ப வரைய ஆரம்பித்திருக்கிறீர்களா? எதிலிருந்து ஆரம்பித்தீர்கள்? டர்பன்டைன் இல்லாமல் ஆயிலில் வேலை செய்வதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய ஈசல்
2020 மே 4, காலை 6.05

சகோதரி, உங்கள் கேள்வியை ராத்திரியே படித்துவிட்டேன். அவசரப்பட்டு எதையாவது எழுதக்கூடாது என்று காலைக்கு வைத்துக்கொண்டேன்.

எனக்கு எழுபத்தொன்று. பதினோரு வருடம் முன்னால் இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் ஒரே அறையில் கிடந்தேன். அதுவரை நான் மலையும் ஆறும் வரைந்தவன். படுக்கையிலிருந்து எனக்குத் தெரிந்தது எதிர்ச்சுவரும் ஒரு அலமாரியின் பக்கவாட்டும்தான். முதல் இரண்டு மாதம் நீங்கள் இருக்கிற அதே நிலைதான், பென்சிலைத் தொடவில்லை.

அப்போது ஒரு நண்பர் மொராண்டியின் படங்கள் உள்ள ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இத்தாலியில் பொலோனியா நகரத்தில், தன் மூன்று சகோதரிகளோடு ஒரே வீட்டில் வாழ்நாளைக் கழித்தவர். படுக்கையும் ஈசலும் ஒரே அறையில். வரைந்தது பாட்டில், ஜாடி, டப்பா. 1964-ல் இறக்கும் வரைக்கும் பெரும்பாலும் அதே பாட்டில்கள். கண்ணாடி பளபளக்கக்கூடாது என்று சில பாட்டில்களுக்கு மங்கலான பெயின்ட் அடித்துவைத்தார், மேலே படிகிற தூசியைத் துடைக்க விடவில்லை. எந்தப் பாட்டில் எங்கே நின்றது என்று மேஜைமேல் விரித்த தாளில் பென்சிலால் சுற்றிக் குறித்துக்கொள்வாராம். ஒரு விரல்கடை நகர்த்தினால் அவருக்கு அது வேறு படம்.

பொறுமைக்கு உதாரணம் காட்டுவதற்காக இவரைச் சொல்லவில்லை. பொறுமை எனக்கும் கிடையாது. அந்தக் குறிப்புக் கோடுகளைப் பற்றிப் படித்தபோது, நானும் அலமாரியைக் குறிக்க ஆரம்பித்தேன். அதாவது, அதன் பக்கவாட்டில் காலை எட்டு மணிக்கு வெயில் எதுவரை வருகிறது, எட்டேகாலுக்கு எங்கே என்று ஒரு தாளில் கோடு போட்டேன். வெயில் துண்டு நகர்ந்தது மட்டுமில்லை, நிறமும் மாறியது. எட்டு மணிக்கு அதன் ஓரம் மங்கலாக, கொஞ்சம் ஆரஞ்சாக. ஒன்பதரைக்கு ஓரம் கத்தி மாதிரி கூர்மை, உள்ளே வெள்ளை, அதை ஒட்டிய நிழலில் ஊதா. மூன்றாம் நாள் மகளைக் கூப்பிட்டு வாட்டர் கலர் கேட்டேன்.

டென்மார்க்கின் ஹாமர்ஷோய் வரைந்தவற்றையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். கோபன்ஹேகனில் ஸ்ட்ராண்ட்கேட் 30-ஆம் எண் வீட்டில் 1898-லிருந்து 1909 வரை குடியிருந்தார். அந்த ஒரே வீட்டின் அறைகளை அறுபதுக்கும் மேற்பட்ட தடவை வரைந்திருக்கிறார். பல படங்களில் அவர் மனைவி ஈடா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். 1900-ல் வரைந்த ஒன்றில் ஆளே இல்லை: சன்னல், பக்கத்தில் மூடிய கதவு, சாய்ந்து விழுகிற வெயில், அதில் மிதக்கிற தூசி. நீங்கள் மனிதர்களை வரைபவர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும் அந்த அறை.

வீட்டில் உற்றுப் பார்த்தால் திரும்பிவிடுகிறார்கள் என்றீர்களே, முதுகுகள் திரும்பாது. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த மஞ்சள் பல்பை மட்டும் முதலில் மாற்றிவிடுங்கள். பகல் வெளிச்சம் மாதிரி 5000 கெல்வின் அளவில், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டுகிற அளவு) 90-க்கு மேல் போட்ட எல்இடி ஒன்று வீட்டில் எந்த அறையில் இருந்தாலும் கழற்றி உங்கள் மூலையில் மாட்டுங்கள். மஞ்சள் வெளிச்சம் எல்லாவற்றையும் சூடாகக் காட்டும், கை தன்னையறியாமல் நீலத்தைக் கூட்டிவிடும். காலையில் பூத்த நீலம் அதுதான்.


ஆளிவிதை
2020 மே 4, மதியம் 1.40

அக்கா, டெக்னிக்கல் பக்கம் நான் சொல்றேன். நான் பழைய படங்களைச் சரிசெய்யற வேலையில இருக்கேன், இந்த விஷயத்துல கொஞ்சம் கை பழகியிருக்கு.

டர்பன்டைன் இல்லாம தாராளமா வேலை செய்யலாம். கலரை இளக்க ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு போதும், நிறைய ஊத்தாதீங்க, காயும்போது சுருங்கிப் போகும். பிரஷை மாத்தும்போது கரைப்பான்ல முக்காம, துணியில நல்லா வழிச்சு எடுத்துட்டு, எண்ணெயில நனைச்சு மறுபடி வழிங்க. அன்னைக்கு வேலை முடிஞ்சதும் குளியல் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணியும், உள்ளங்கையில வச்சு நுரை வெள்ளையா வர்ற வரைக்கும். அப்பா பக்கத்து அறையில இருக்கார்னா, வாசனை இல்லாதது என்று விக்கிற கரைப்பானையும் நம்பாதீங்க. வாசனைதான் இல்லை, ஆவி இருக்கு.

ஒரே ஒரு விஷயத்துல கவனமா இருங்க. எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயறதுன்னா காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்றது. அப்போ சூடு வரும். விரிச்சுப் போட்டிருந்தா சூடு போயிடும், சுருட்டி வச்சா உள்ளேயே ஏறி ஏறித் தானா தீப்பிடிக்கும். எங்க பட்டறையிலேயே ஒரு தடவை ஒரு கூடை புகைஞ்சுது, ராத்திரி யாரோ பார்த்ததால தப்பிச்சோம். தண்ணி ஊத்தின தகர டப்பாவுல போட்டு மூடி வைங்க.

வெள்ளையைப் பத்தி. பேலட்ல மிஞ்சினதை வழிச்சு, ஒரு சின்னக் கிண்ணத்துல தண்ணிக்கு அடியில மூழ்க வைங்க. ஆக்ஸிஜன் படாது, ரெண்டு மூணு நாள் கெடாம இருக்கும். சுண்ணாம்புக்கல் பொடி கலந்து வெள்ளையைப் பெருக்கலாம்னு யாராவது சொல்வாங்க. எண்ணெயில விழுந்ததும் அது கண்ணாடி மாதிரி ஆயிடும், கனம் வரும், வெண்மை வராது. அதைவிட, வெளிச்சமான இடத்துல கலரை மெல்லிசா தேய்ச்சு அடியில இருக்கிற வெள்ளைப் பிரைமரையே காட்டுங்க.

பழைய படத்து மேல வரையப் போறீங்கன்னா அது ஆயிலா அக்ரிலிக்கான்னு சொல்லுங்க. ஆயில் மேல அக்ரிலிக் ஜெஸ்ஸோங்கிற வெள்ளை அடிப்பூச்சு அடிச்சா ஒட்டாது, கொஞ்ச வருஷத்துல தோலா உரியும்.


நீர்வண்ணன்
2020 மே 5, இரவு 9.15

கரித்துண்டு அக்காவுக்கு,

நான் சொல்வது மேலே இருப்பவர்களிடமிருந்து கொஞ்சம் விலகும். வரையாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று யாராவது ஒருவர் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எனக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர் சென்ற மாதம் இந்த நோயில் போய்விட்டார். கடைசியாகப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு மறுநாள் ஒருவர் போன் செய்து, "இந்த நேரத்தை வீணாக்காமல் ஒரு சீரீஸ் பண்ணு" என்றார். போனை வைத்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நூறு வருடம் முன்னால் வந்த ஸ்பானிஷ் காய்ச்சலில் ஆஸ்திரிய ஓவியர் ஏகன் ஷீலே என்ன செய்தார் என்று எல்லோரும் இப்போது எழுதுகிறார்கள். 1918 அக்டோபர் 27-ஆம் தேதி, காய்ச்சலில் கிடந்த கர்ப்பிணி மனைவி எடித்தை வரைந்தார். மறுநாள் எடித் இறந்தார். 31-ஆம் தேதி ஷீலேயும் போனார், வயது 28. அந்தக் கோட்டோவியத்தை இப்போது என்னால் முழுதாக ஒரு நிமிடம் பார்க்க முடியவில்லை. மனம் பதறும்போதும் வரைகிற கை அவருக்கு இருந்தது. எல்லோருக்கும் அது இருந்தாக வேண்டும் என்று கிடையாது.

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1919-ல் 'ஸ்பானிஷ் காய்ச்சலோடு தன்னுருவப்படம்' வரைந்தார். பிரம்பு நாற்காலியில் போர்வையைப் போர்த்தி, வாய் திறந்தபடி, நம் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் படுக்கை. அதில் எனக்குப் பிடித்தது கண். கண்ணே ஒழுங்காக இருக்காது, பார்க்கத் தெம்பில்லாத கண். வேலை ஓடாத நாளும் வேலைக்குள் வரலாம் என்று அதைப் பார்த்துதான் நினைத்தேன். இன்னொரு பக்கம், ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 82 வயதில் பிரான்சின் நார்மண்டியில் உட்கார்ந்து ஐபேடில் வசந்தத்தை வரைந்துகொண்டிருக்கிறார். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவருக்குத் தோட்டம் இருக்கிறது, மரங்கள் பூக்கின்றன. வாஷிங் மெஷின் பக்கத்தில் நிற்பவர் அவரோடு தன்னை ஒப்பிடக்கூடாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாளாக நான் செய்வது இதுதான். வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளுக்கு வீடியோவில் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிடம் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். சத்தத்தை அணைத்துவிட்டு அந்தப் பத்து நிமிடமும் அவர்கள் முகங்களை வரைகிறேன். யாரும் என்னைப் பார்ப்பதில்லை. கேமரா மேலே இருக்கிறது, அவர்கள் பார்ப்பது திரையை, அதனால் எல்லோருடைய இமையும் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். வெளிச்சம் கீழேயிருந்து தாடையில் நீலமாக அடிக்கும், மூக்கின் நிழல் மேல்நோக்கிப் போகும். இணைப்புக் கிடைக்காமல் உறைந்துபோன முகம் ஒன்று எப்போதும் இருக்கும். அக்கா, அவர்களும் காத்திருப்பவர்கள்தானே?


கரித்துண்டு
2020 மே 6, காலை 10.30

மூவருக்கும் நன்றி. நீர்வண்ணன் தம்பி, உங்கள் ஆசிரியரைப் பற்றிப் படித்துவிட்டு வேறு எதுவும் எழுதத் தோன்றாமல் ஒரு நாள் விட்டுவிட்டேன். அவருக்கு என் வணக்கம்.

உறைந்த முகம் நான் போட்டோவில் வேண்டாம் என்று ஒதுக்கியது. அது வீடியோவில் காத்திருப்பாக மாறியிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மகனின் வகுப்பில் ஒரு தடவை பின்னால் நின்று பார்த்தேன். ஆனால் மற்ற வீட்டுப் பிள்ளைகளைக் கேட்காமல் வரைய மனம் ஒப்பவில்லை, அதை விட்டுவிட்டேன்.

பெரியவர் சொன்ன வெயில் துண்டை ஹால் சுவரில் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். பென்சிலால் சுவரிலேயே. மகனுக்குப் பெரிய சந்தோஷம், சுவரில் கிறுக்க இப்போது வீட்டில் அனுமதி இருக்கிறதாம்.

ஆளிவிதை தம்பி, பழைய படங்கள் எல்லாமே ஆயில். மூடலாம் என்று நினைப்பது ஒரு பிளாட்பாரப் படம், 2011-ல் வரைந்தது. மூன்றடிக்கு நாலடி. இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அது என் நல்ல படம் கிடையாது, இடதுபக்கம் கூட்டம் பிதுங்கி நிற்கும். ஆனாலும் மேலே வெள்ளை அடிக்கக் கை வரவில்லை. இந்த நேரத்தில் இருபது பேரை அழிப்பது என்று மனதில் வந்துவிட்டது, அதை எடுக்க முடியவில்லை.


ஆளிவிதை
2020 மே 6, மாலை 4.10

முழுசா வெள்ளை அடிக்காதீங்க அக்கா, இருக்கிற ஒன்றரை டியூபும் அதுலேயே போயிடும். உப்புத்தாளால தண்ணி தொடாம உலர்வாத் தேய்க்கவும் வேணாம். பழைய கலர்ல காட்மியமோ ஈயமோ இருந்தா அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம், அப்பா வேற இருக்கார். சோப்புத் தண்ணி லேசா நனைச்ச துணியால துடைச்சு, காயவிட்டு, எண்ணெயைத் துளியூண்டு தேய்ச்சு, மிச்சத்தை வழிச்சு எடுத்துட்டு, அது மேலேயே ஆரம்பிங்க. ஒன்பது வருஷம் ஆன படம், நல்லா காஞ்சிருக்கும்.

படத்தைத் தலைகீழா வச்சுப் பாருங்க. முகங்கள் முகமாத் தெரியாது, வெறும் கருப்பு வெள்ளைத் திட்டாத் தெரியும். அந்தத் திட்டுகளே புதுப் படத்துக்கு நிழலா உதவும்.

அழிக்கிறோமேன்னு கவலைப்படறீங்க. என் வேலையில தினமும் பார்க்கற ஒண்ணைச் சொல்றேன். ஆயில் கலர் வயசாக வயசாகக் கொஞ்சம் கொஞ்சமா ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். ஒரு பிரபு கையை முதல்ல இடுப்புல வச்சு வரைஞ்சுட்டு, அப்புறம் கீழே இறக்கியிருப்பாங்க. பல தலைமுறை கழிச்சு அந்த முதல் கை ஆவி மாதிரி மேலே வந்து நிக்கும். பென்டிமென்டோன்னு சொல்வோம். மெல்லிசா மூடினா உங்க இருபது பேரும் எங்கேயும் போக மாட்டாங்க.


பழைய ஈசல்
2020 மே 7, காலை 5.50

வான்கா செய்தது ஒன்று ஞாபகம் வருகிறது. 1889 மே மாதம் பிரான்சின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் போய்ச் சேர்ந்தார், ஒரு வருடம் இருந்தார். அவருடைய சன்னலுக்குக் கம்பி உண்டு. அதன் வழியாகத் தெரிந்த கோதுமை வயலைத் திரும்பத் திரும்ப வரைந்தார், கம்பியை விட்டுவிட்டார். குளிர்காலத்தில் வெளியே போக முடியவில்லை, வரைய ஆளும் கிடைக்கவில்லை. கையில் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்கள் கருப்பு வெள்ளை அச்சாக இருந்தன. விதைக்கிறவர், அறுக்கிறவர், மதிய உறக்கத்தில் கிடக்கிற இருவர் என்று இருபதுக்கும் மேல் எடுத்து, அவற்றுக்குத் தன் நிறங்களைக் கொடுத்து வரைந்தார்.

உங்களிடம் இருபத்திரண்டு வருடத்து நோட்டுகள் இருக்குமே சகோதரி. அவையும் கருப்பு வெள்ளைதான்.


கரித்துண்டு
2020 ஜூன் 9, இரவு 10.45

ஒரு மாதம் கழித்து வருகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பல்பு மாற்றியாகிவிட்டது, கணவரின் மேஜை விளக்கிலிருந்து பிடுங்கியது. நோட்டுகள் முப்பத்தேழு இருக்கின்றன. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் புரட்டினேன். பெரியவர் சொன்னபடி ஒன்றிரண்டை எடுத்து நிறம் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கே எப்படி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் கண்ணில் பட்டது. தோளும் தோளும் இடிக்க, அடுத்தவர் குழந்தை நம் மடியில் தூங்க. அதை இன்னும் கொஞ்ச நாள் கழித்துத் தொடுகிறேன்.

சுவரில் வெயிலைக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவின் நாற்காலி கண்ணில் பட்டது. மாலை நாலரைக்கு ஹால் சன்னலோரம் வந்து உட்காருவார். கைப்பிடி வைத்த பழைய மர நாற்காலி, பச்சை ரெக்சின் உறை போட்ட மெத்தை. இன்ஹேலர் சட்டைப்பையில். ஐந்தேகால் வரைக்கும் இருப்பார், வெயில் அவர் முழங்காலைத் தாண்டியதும் எழுந்து போய்விடுவார். இரண்டாம் நாள் நோட்டை எடுத்ததும், "என்னை வரையாதே" என்றார். கோபமில்லை. இத்தனை நாளில் என்னிடம் அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை, அதனால் மூடிவிட்டேன்.

அவர் எழுந்து போன பிறகு நாற்காலியைப் பார்த்தேன். மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. ஹாமர்ஷோய் அறை ஞாபகம் வந்து, அதைப் போடலாம் என்று கரியை எடுத்தேன். போடப் போடப் பள்ளம் மேலே வருகிறது! பழைய பஞ்சு மெத்தை, உடனே எழாது. இடதுபக்கம் முதலில் எழும், அவர் வலதுபக்கம் சாய்ந்து உட்காருபவர். பள்ளத்தின் ஓரத்தில் ரெக்சினில் மூன்று மடிப்பு, ஒவ்வொன்றின் முதுகிலும் சன்னல் வெளிச்சம் ஒரு நூலாக ஓடுகிறது. மடிப்பு விரிய விரிய அந்த நூல் அகலமாகி மங்கி, கடைசியில் காணாமல் போகிறது. வலது பின்மூலையில் மட்டும் ஒரு குழி நிற்கும், அது எழுவதே இல்லை. மொத்தம் ஆறு நிமிடம் ஆகிறது. ஆறு நிமிடத்தில் என் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து விளிம்புகள் விழுந்துவிட்டன.

பிளாட்பாரத்தில் எனக்குக் கிடைத்துவந்த அதே கலங்கல். கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. வரைந்து முடித்த பிறகுதான் அது ஓடியதே எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் ஐந்தேகாலுக்கு ஆறு நிமிடம். பதினெட்டு ஸ்கெட்ச் சேர்ந்ததும் கேன்வாஸுக்குப் போனேன். பிளாட்பாரப் படத்தைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, தலைகீழாக வைத்தேன். தம்பி சொன்னது சரி, முகங்கள் வெறும் திட்டுகளாகிவிட்டன. கூட்டம் பிதுங்கிய இடதுபக்கம் இப்போது வலதுபக்கம் போய், சன்னலுக்குக் கீழே இருக்கிற இருட்டுக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்த சாம்பலை மெல்லிசாகத்தான் மூடியிருக்கிறேன். வெள்ளையை வெயில் துண்டுக்கும் அந்த மூன்று நூலுக்கும் தவிர வேறு எங்கும் தொடவில்லை. ஒரே ஒரு இடத்தை மூடவில்லை. பையை அணைத்துத் தூங்கிய பெண்ணின் முழங்கை, தலைகீழாக, நாற்காலியின் காலுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. தெரியாதவர்களுக்கு அது ஒரு துணி மாதிரி இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈசலை ஹாலுக்குக் கொண்டுவந்து, காயட்டும் என்று சுவரோரம் வைத்தேன். அப்பா வந்து ரொம்ப நேரம் நின்று பார்த்தார். அவர் முப்பது வருடம் தச்சு வேலை செய்தவர், நான் சொன்னேனா தெரியவில்லை. அந்த நாற்காலியும் அவர் செய்ததுதான். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அளவுநாடாவை எடுத்துவந்து நாற்காலியை அளந்தார். பிறகு படத்தை அளந்தார். "கைப்பிடி தணிவா இருக்கு. இருக்கையில் இருந்து ஒன்பது அங்குலம் வச்சேன் நான். நீ ஏழு போட்டிருக்கே" என்றார்.

அளந்து பார்த்தேன், அவர் சொன்னது சரி. நின்றுகொண்டு பார்த்து வரைந்திருக்கிறேன், மேலேயிருந்து பார்க்கும்போது கைப்பிடி தணிந்து தெரிந்திருக்கிறது. நாற்காலியின் மற்ற பாகங்களை உட்கார்ந்து பார்த்துப் போட்டேன், இது மட்டும் பொருந்தவில்லை. இருபத்திரண்டு வருடமாக எல்லாவற்றையும் உட்கார்ந்தே வரைந்தவளுக்கு இது தோன்றாமல் போய்விட்டது.

இப்போது கைப்பிடியை ஏற்ற வேண்டும். ஏற்றினால் அதன் நிழல் மெத்தைமேல் இன்னும் நீளமாக விழும், மூன்று மடிப்பில் கடைசி மடிப்பின் வெளிச்ச நூலை அந்த நிழல் வெட்டிவிடும் என்று நினைக்கிறேன். நாளைக்கு அவர் எழுந்ததும் பார்த்துவிடுவேன். வெள்ளை முதல் டியூப் தீர்ந்து, அடிப்பக்கத்தை பிளேடால் அறுத்து வழித்ததில் ஒரு கரண்டி நுனி அளவு கிடைத்தது, அதைத் தண்ணீருக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆளிவிதை தம்பி, கைப்பிடியின் பழைய இடத்தில் கலர் தொட்டால் ஒட்டுகிறது, இன்னும் காயவில்லை. கத்தியால் சுரண்டிவிட்டுப் போடட்டுமா, இல்லை காயும் வரை பொறுத்து அதன் மேலேயே போடட்டுமா? அப்பா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார், சீக்கிரம் சொன்னால் நல்லது.